எந்த நாட்டு விமானம்?

சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தோம். குலசேகரத்தில் அன்று மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. ரப்பர் மரங்கள் சூழ்ந்த ஊர். வெளியூர்களைவிட அரை மணி முந்தியே இங்கே இருட்டு வந்துவிடும். அந்த அரை இருட்டில் அடுத்த வீட்டு அக்கா குடையை மடக்கிக்கொண்டு படியேறி வந்தார்.

"சாரே, பயலுக்கு விசா வந்தாச்சு. துபாய்க்கு புதன்கிழமை ராத்திரி பிளேனு. ரெண்டு டிக்கட்டு ஒரே விலைக்கு உண்டாம். ஒண்ணு நம்ம நாட்டுக்க பிளேனு, மத்தது அந்த ஊர்க்காரனுக்கது. எந்த நாட்டுக்க பிளேனாக்கும் பயமில்லாதது? சாரு படிச்ச ஆளல்லியா, சொல்லுங்க."

படித்த ஆள் என்ன சொன்னார் தெரியுமா? "எல்லாம் ஒன்றுதான் அக்கா, கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி, தாளில் சிவப்பு மையால் ஒரு கோடு கிழித்துக்கொண்டார். அக்கா தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகுதான் நமக்கு உறைத்தது. ஒரே பிள்ளையை ஆகாயத்தில் அனுப்புகிற தாயார் கேட்ட கேள்விக்கு, பரீட்சையில் படிக்காத பையன் எழுதுகிற மாதிரி ஒரு பதிலை எழுதிவிட்டோம். அந்தப் பதில் சரியும் அல்ல. எல்லாம் ஒன்றல்ல. தேசத்துக்குத் தேசம் வித்தியாசம் இருக்கிறது; அதற்குக் காரணங்களும் இருக்கின்றன. ஆகவே இந்த வாரம் நேயர்கள் முன்னிலையில் அந்தத் தாளை மறுபடி எழுதப் பார்க்கிறோம்.

முதலில் பயத்தின் அளவைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் மாஸாசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆர்னால்ட் பார்னெட் என்று ஒரு பேராசிரியர் இருக்கிறார். விமானப் பிரயாணத்தில் உயிர் போகும் அபாயம் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதே அவருடைய பல வருஷத்து வேலை. 1968 முதல் 1977 வரையுள்ள பத்து வருஷங்களில், உலகம் முழுவதும் சேர்த்து, மூன்றரை லட்சம் தடவை பிரயாணிகள் விமானம் ஏறினால் அதில் ஒரு தடவை மரணம் நேர்ந்தது. 2018 முதல் 2022 வரையுள்ள ஐந்து வருஷங்களில் அது ஒரு கோடியே முப்பத்தேழு லட்சம் தடவைக்கு ஒன்று என்று குறைந்துவிட்டது. அரை நூற்றாண்டில் சுமார் நாற்பது மடங்கு அபிவிருத்தி! மனிதன் கை வைத்த வேறு எந்தக் காரியத்தில் இப்படி நடந்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தால் சட்டென்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

இதற்குப் பக்கத்தில் நம்முடைய சாலைகளை வைத்துப் பாருங்கள். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று சர்க்கார் கணக்கே சொல்லுகிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 460 பேர். துபாய்க்குப் போகிற பையனுக்கு உண்மையான கண்டம் ஆகாயத்தில் இல்லை. மார்த்தாண்டத்துக்கும் திருவனந்தபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது.

நிற்க. சராசரி என்பது பொல்லாத விஷயம். வகுப்பின் சராசரி மார்க்கு அறுபது என்றால் எல்லாப் பிள்ளைகளும் தேறினார்கள் என்று அர்த்தமல்ல. பார்னெட் உலக தேசங்களை மூன்று வரிசையாகப் பிரித்தார். அமெரிக்கா, ஐரோப்பிய தேசங்கள், ஜப்பான், சீனா, ஆஸ்திரேலியா முதலியவை முதல் வரிசை. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, தென் கொரியா, ஐக்கிய அரபு நாடுகள் முதலியவை இரண்டாவது வரிசை. மற்றவை எல்லாம் மூன்றாவது வரிசை. 2018 முதல் 2022 வரை முதல் இரண்டு வரிசைகளிலும் அபாயம் எட்டுக் கோடி தடவைக்குச் சுமார் ஒன்று. மூன்றாவது வரிசையிலோ, முதல் வரிசையைப்போல் முப்பத்தாறு மடங்குக்கும் மேல்!

இங்கேதான் கேள்வி பிறக்கிறது. விமானம் செய்கிற கம்பெனிகள் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. போயிங், ஏர்பஸ் என்ற இரண்டின் பெயர்தான் எங்கும். யந்திரம் ஒன்று, அதை ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற புத்தகம் ஒன்று, ஆகாயமும் ஒன்று. அப்படியிருக்க முப்பத்தாறு மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

"மலையும் மழையும்தான் காரணம்" என்பது பலருக்கும் முதலில் தோன்றும் பதில். நேபாளத்தைக் காட்டுவார்கள். 2023 ஜனவரி 15-ஆம் தேதி, பொக்காராவில் இறங்கவிருந்த எட்டி ஏர்லைன்ஸ் விமானம் விழுந்து, அதிலிருந்த 72 பேரும் மாண்டார்கள். அவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள். ஆனால் அன்று மலைமேல் விமானம் மோதவில்லை. வானம் தெளிவாக இருந்தது. இறக்கையின் மடிப்பை இறக்குவதற்கான கைப்பிடிக்குப் பதிலாக, விசிறிகளின் வேகத்தையே பறித்துவிடும் கைப்பிடிகளை ஒரு விமானி தவறுதலாக நகர்த்திவிட்டார் என்று விசாரணையில் தெரிந்தது. மலைதான் காரணம் என்றால் ஸ்விட்ஸர்லாந்தில் மலை இல்லையா? நார்வேயில் பனி இல்லையா? இன்னொரு விஷயம் உண்டு. 2013-இல் நேபாளத்து விமானங்கள் ஐரோப்பாவுக்குள் வரக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. விமான நிலையங்களை நடத்துகிற இலாகாவே விமானங்களைக் கண்காணிக்கிற இலாகாவாகவும் இருப்பது அந்தத் தேசத்தின் பேரில் வெகு காலமாகச் சொல்லப்பட்டு வந்த குறை. கடைக்காரனே எடைக்கல்லுக்கு முத்திரை குத்துகிற அதிகாரியாகவும் இருந்தால் எப்படி?

சரி, பணக்காரத் தேசத்து விமானத்தில் ஏறிவிட்டால் பயமில்லை என்று சொல்லலாமா? அதையும் இலங்கைத் தமிழர்களைக் கேட்டுப் பார்க்கவேண்டும். 1974 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, மஸ்கெலியாவுக்குச் சமீபத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே நிற்கும் ஏழு கன்னியர் மலையில் ஒரு பெரிய விமானம் மோதி 191 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தோனேஷியாவிலிருந்து ஹஜ் யாத்திரைக்குப் புறப்பட்டவர்கள். விமானம் ஹாலந்து தேசத்து மார்ட்டினேர் கம்பெனியைச் சேர்ந்தது. நாலு வருஷம் கழித்து, 1978 நவம்பர் 15-ஆம் தேதி, கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அருகில் ஐஸ்லாந்து தேசத்து விமானம் ஒன்று தென்னந்தோப்பில் விழுந்து 183 பேர் இறந்தார்கள். இலங்கை அதிகாரிகள் விமானிகளைக் குற்றம் சொன்னார்கள். ஐஸ்லாந்துக்காரர்கள் தரையிலிருந்த கருவிகளையும் கட்டுப்பாட்டு அறையையும் குற்றம் சொன்னார்கள். வழக்கு யார் பக்கம் என்பது இருக்கட்டும். வாலில் எந்தத் தேசத்தின் கொடி வரைந்திருந்தாலும், விமானம் எந்த மண்ணில் இறங்குகிறதோ அந்த மண்ணின் விளக்கும் ராடாரும் வழிகாட்டுகிறவரும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்ற வேண்டும். ஆகையால் "எந்த நாட்டு விமானம்?" என்ற அக்காவின் கேள்வியில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி, "எந்த நாட்டுத் தரை?" என்பது.

இனி நம் தேசத்துக்கு வருவோம். 1935-ஆம் வருஷத்தில் டாட்டா கம்பெனியின் சின்னஞ்சிறு விமானம் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கியபோது, குலசேகரமும் திருவிதாங்கூர் ராஜ்யத்தில்தான் இருந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் நமக்கும் ஆகாயத்துக்கும் தொண்ணூறு வருஷத்துப் பழக்கம். ஆனால் 2014 ஜனவரி 31-ஆம் தேதி நமக்கு ஒரு தலைகுனிவு ஏற்பட்டது. இந்தியாவின் விமானக் கண்காணிப்பு சர்வதேச அளவுக்குப் போதாது என்று சொல்லி, அமெரிக்க சர்க்கார் நம்மை முதல் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்புக்கு இறக்கிவிட்டது. நம் விமானிகள் திறமையற்றவர்கள் என்பது அல்ல அவர்கள் சொன்ன குறை. டில்லியிலுள்ள விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தில், விமானிகளையும் கம்பெனிகளையும் பரிசோதிக்கத் தகுந்த முழு நேரப் பரிசோதகர்கள் போதவில்லை என்பது முக்கியமான குறை.

பரிசோதகர் என்றதும் நமக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் ஞாபகம் வருகிறார். நாம் சிறுவனாக இருந்தபோது இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் ஒரு வாரம் முந்தியே தெரிந்துவிடும். சுவருக்குச் சுண்ணாம்பு, அலமாரிக்குள் உறங்கிய தேசப் படங்களுக்கு விடுதலை, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு முன் பெஞ்சு. இன்ஸ்பெக்டர் வருவார், இளநீர் குடிப்பார், கையெழுத்துப் போடுவார், போவார். மறுநாள் தேசப் படங்கள் அலமாரிக்குள் போய்விடும். கண்காணிப்பு என்பது இப்படி இருந்தால் பள்ளிக்கூடம் இடிந்து விழாது. ஆனால் விமானம் விழும். எந்தக் கம்பெனிக்கும் கடன்படாத, போதுமான சம்பளமுள்ள, சொல்லாமல் வந்து நிற்கிற பரிசோதகர்களை வைத்துக்கொள்ள ஒரு தேசத்துக்குப் பணம் வேண்டும். பணத்தைவிட மனம் வேண்டும்.

அந்தத் தலைகுனிவினால் நன்மையும் விளைந்தது. ஆட்களை நியமித்தார்கள், குறைகளைத் தீர்த்தார்கள், 2015 ஏப்ரலில் முதல் வகுப்பு திரும்பக் கிடைத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து ஸ்தாபனம் நடத்திய பரிசோதனையில் முன்பு நூற்றுக்கு 69.95 வாங்கிய நாம், 2022 நவம்பரில் நடந்த பரிசோதனையில் 85.65 வாங்கினோம். வெளியிலிருந்து ஒருவர் மார்க்குப் போட்டதை அவமானம் என்று மூடி மறைக்காமல் பாடமாக எடுத்துக்கொண்டால், ஒரு வருஷத்தில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

பாடம் கற்றுக்கொள்வதில் நாம் எப்போதுமே மந்தம் என்றும் சொல்ல முடியாது. 1996 நவம்பர் 12-ஆம் தேதி, ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கு மேலே, சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் இறந்தார்கள். உலகத்தில் நடுவானில் நடந்த மோதல்களில் அதைவிடக் கொடியது இன்றுவரை இல்லை. இறங்கி வந்த கஜகஸ்தான் விமானம், தனக்கு விதித்த 15,000 அடி உயரத்துக்கும் கீழே வந்துவிட்டது. அதன் விமானிகளுக்கு ஆங்கிலம் சரியாக விளங்கவில்லை. அப்போது டில்லியில் வருகிற விமானத்துக்கும் போகிற விமானத்துக்கும் ஒரே வழி. அந்த 349 உயிர்களுக்குப் பிறகு வழிகள் பிரிக்கப்பட்டன. மோதல் நேரப் போவதை முன்கூட்டி எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாயிற்று. இன்றைக்கு நாம் பத்திரமாக டில்லி போய் இறங்குகிறோம் என்றால் அதில் அவர்களுடைய பங்கும் உண்டு.

ஆனால் எல்லாப் பாடத்தையும் அப்படிக் கற்றுக்கொண்டோமா? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது பேனா தயங்குகிறது.

2010 மே 22-ஆம் தேதி விடியற்காலை, துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 166 பேரில் 158 பேர் இறந்தார்கள். மங்களூர் விமான நிலையம் ஒரு குன்றின் தலையைச் சீவிக் கட்டியது. ஓடுபாதை முடிகிற இடத்துக்கு அப்பால் சரிவு. விசாரணையில் தெரிந்தவை இவை: வரும் வழியில் வெகு நேரம் தலைமை விமானி தூங்கிவிட்டார். மங்களூரின் ராடார் இரண்டு நாளாகப் பழுதாகிக் கிடந்தது. அதனால் விமானம் தாமதமாகவே கீழே இறங்கத் தொடங்கிற்று. உயரம் அதிகம், வேகம் அதிகம் என்று கண்ட துணை விமானி, "இறங்க வேண்டாம், திரும்ப மேலே போவோம்" என்று மூன்று தடவை சொன்னார். தலைமை விமானி கேட்கவில்லை. 8,000 அடி ஓடுபாதையில் 5,200 அடி கடந்த பிறகே சக்கரங்கள் தரையில் பட்டன. துணை விமானி சொன்னாரே தவிர, கையை நீட்டி விமானத்தைத் தம் வசம் எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது எடுத்துக்கொள்ளலாம் என்பதைப் பற்றிய விதிகளே தெளிவாக இல்லை என்று விசாரணை மன்றம் எழுதி வைத்தது.

பத்து வருஷம் போயிற்று. 2020 ஆகஸ்டு 7-ஆம் தேதி இரவு, கொட்டும் மழையில், அதே துபாயிலிருந்து அதே கம்பெனியின் விமானம் கோழிக்கோட்டில், மற்றொரு குன்றின் மேலுள்ள ஓடுபாதையில் இறங்கிற்று. நோய்க் காலத்தில் வேலை இழந்து வீடு திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். விமானம் ஓடுபாதையின் பாதித் தூரத்தில் தரை தொட்டது. தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்து பிளந்தது. 190 பேரில் 21 பேர் இறந்தார்கள்; விமானிகள் இருவரும் அதில் அடக்கம். அறிக்கை என்ன சொல்லிற்று? திரும்ப மேலே போகும்படி துணை விமானி சொன்னார். தலைமை விமானி அதன்படி செய்யவில்லை. துணை விமானி விமானத்தைத் தம் வசம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. மறுநாள் காலை விமானம் ஓட்டவும் அதே தலைமை விமானியே தேவைப்பட்டார். கோழிக்கோட்டில் போதிய தலைமை விமானிகள் இல்லை என்பதையும் அறிக்கை குறித்தது.

இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது, ஒரே பிழையைக் காலாண்டுத் தாளிலும் முழு ஆண்டுத் தாளிலும் எழுதிய மாணவனைப் பார்த்தது போல் இருந்தது. ஆனால் இங்கே திருத்துவதற்குச் சிவப்பு மை போதாது.

ஒன்றை மட்டும் நேயர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் அறிவு இல்லாமல் ஆபத்து வரவில்லை. அபாயத்தைக் கண்டவர் விமானி அறையிலேயே உட்கார்ந்திருந்தார். கண்டதைச் சொல்லவும் சொன்னார். சொல்லுகிற சின்னவர் ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்கிற பெரியவர் வேண்டும். கேட்காவிட்டால் சின்னவர் கை நீட்டலாம் என்று தெளிவாகச் சொல்லுகிற விதி வேண்டும். அந்த விதியின்படி நடந்தவரைப் பிற்பாடு தண்டிக்காத முதலாளியும் வேண்டும்.

"பெரியவர்களை எதிர்த்துப் பேசாத தேசங்களில் இப்படித்தான் நடக்கும், அது அவர்கள் ரத்தத்தில் ஊறியது" என்று மேல்நாட்டார் சிலர் சொல்வதுண்டு. இதை நாம் ஒப்புக்கொள்ளவில்லை. தென் கொரியாவைப் பாருங்கள். 1997 ஆகஸ்டு 6-ஆம் தேதி, கொரியன் ஏர் விமானம் குவாம் தீவில் குன்றின் மேல் மோதி 228 பேர் இறந்தார்கள். தலைமை விமானியின் தவற்றைக் கூட இருந்த இருவரும் சரியானபடி தடுக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. குவாம் அமெரிக்க மண். அங்கே விமானம் தாழ்ந்து வருவதை எச்சரிக்க வேண்டிய தரைக் கருவியை அமெரிக்க அதிகாரிகளே மட்டுப்படுத்தி வைத்திருந்தார்கள் என்பதும் அதே விசாரணையில் தெரிந்தது. கொரியர்கள் அதற்குப் பிறகு வெளியிலிருந்து ஆட்களை வரவழைத்தார்கள். பயிற்சி முறையை மாற்றினார்கள். சில வருஷங்களில் அந்தக் கம்பெனி உலகத்தின் நல்ல கம்பெனிகளில் ஒன்றாகிவிட்டது. ரத்தத்தில் ஊறியது சில வருஷத்தில் போகுமா? போகாது. ஆகவே அது ரத்தத்தில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. பழக்கத்தை மாற்றலாம்.

மாற்றிவிட்டோம் என்று காலை நீட்டிப் படுக்கவும் கூடாது. 2024 டிசம்பர் 29-ஆம் தேதி, அதே தென் கொரியாவில், முவான் விமான நிலையத்தில், சக்கரம் இறங்காமல் வயிற்றால் உராய்ந்து வந்த ஜேஜு ஏர் விமானம், ஓடுபாதைக்கு அப்பாலிருந்த கான்கிரீட் திட்டில் மோதி 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். நம் தேசத்தில் 2025 ஜூன் 12-ஆம் தேதி ஆமதாபாத்தில் விமானத்தில் 241 பேரும் தரையில் 19 பேருமாக 260 பேர் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு மாதத்தில் வெளிவந்த முதல் அறிக்கை, எரிபொருள் விசைகள் இரண்டும் ஒரு வினாடி இடைவெளியில் அணைக்கப்பட்ட நிலைக்குப் போயின என்று சொல்லிற்றே ஒழிய, ஏன் என்று தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவே தொலைக்காட்சிப் பெட்டிகளில் எத்தனை நீதிபதிகள்! உலக தேசங்களெல்லாம் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கைப்படி விமான விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பது. யார்மேல் பழி என்று தீர்ப்பது அல்ல. இந்த ஒரு வாக்கியத்தை எந்தத் தேசம் உண்மையாகவே நம்புகிறதோ அந்தத் தேசத்தில்தான் தவறு செய்தவன் வாயைத் திறப்பான்.

அமெரிக்காவில் 1976-ஆம் வருஷத்தில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். விமானியோ, கட்டுப்பாட்டு அறைக்காரரோ, தாம் தெரியாமல் செய்த தவற்றைத் தாமே எழுதி அனுப்பலாம். வாங்கிக்கொள்வது தண்டிக்கிற இலாகா அல்ல. 'நாஸா' என்ற விண்வெளி ஸ்தாபனம். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டு, விஷயத்தை மட்டும் எல்லாருக்கும் தெரிவிக்கிறார்கள். இதனால் விபத்து நேர்ந்த பிறகு கற்றுக்கொள்ள வேண்டிய பாடத்தை, விபத்து நேரும் முன்பே கற்றுக்கொள்ள முடிகிறது.

விபத்து நேராமல் தப்பியதிலும் பாடம் உண்டு என்பதற்கு நம் திருச்சிராப்பள்ளியே சாட்சி. 2018 அக்டோபர் 12-ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு, 130 பிரயாணிகளுடன் துபாய்க்குப் புறப்பட்ட விமானம், மேலே எழும்பும்போது விமான நிலையத்தின் சுற்றுச் சுவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போயிற்று. விமானிகளுக்கு அது தெரியவில்லை! ஓடுபாதையில் ஓடும்போது தலைமை விமானியின் ஆசனத்தின் சாய்மானம் பின்னால் சரிந்துவிட்டது. நிமிர்ந்துகொள்ள முயன்றபோது அவர் கை பட்டு யந்திரத்தின் வேகம் குறைந்துவிட்டது. அதை இருவரும் கவனிக்கவில்லை. அடிவயிறு கிழிந்த நிலையில் சில மணி நேரம் பறந்த பிறகு, விமானம் மும்பையில் பத்திரமாக இறங்கிற்று. ஒருவருக்கும் காயமில்லை. அதிர்ஷ்டம் என்று கும்பிட்டுவிட்டுப் போகலாம். ஓர் ஆசனத்தின் ஆணியை யார் பார்த்திருக்க வேண்டும் என்று கேட்கவும் செய்யலாம். இரண்டாவதைச் செய்கிற தேசத்துக்கு அதிர்ஷ்டம் குறைவாகவே தேவைப்படும்.

ஆகவே ஒரு தேசத்தின் விமானங்கள் பத்திரமானவையா என்று அறிய, சென்ற வருஷம் எத்தனை விழுந்தன என்று மட்டும் எண்ணினால் போதாது. நல்ல வேளையாக விபத்துகள் வெகு அபூர்வம். ஒன்று நேர்ந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஒரே பரீட்சையை வைத்துப் பையனை எடை போடுவது போலாகும் அது. பரிசோதகர்கள் போதுமான பேர் இருக்கிறார்களா, ராடார் பழுதானால் அன்றே சரி செய்கிறார்களா, விமானிக்குத் தூக்கம் கிடைக்கிறதா, சின்னவர் சொல்வதைப் பெரியவர் கேட்கிறாரா, அறிக்கையில் எழுதியதை நிறைவேற்றினார்களா என்று பார்க்கவேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு நம்மைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. மங்களூர் அறிக்கையை நாம் படித்த அதே மாதத்தில், எட்டாம் வகுப்பில் ஒரு வட்டிக் கணக்குப் போட்டோம். நடுவில் ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று கரும்பலகையில் எழுதிவிட்டோம். நாற்பது பிள்ளைகளும் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டார்கள். விடையும் தவறாக வந்தது, அதையும் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் நோட்டுகளைப் பார்த்தபோது, ஒரு சிறுமி மட்டும் ஓரத்தில் பென்சிலால் வெகு சிறியதாக 56 என்று எழுதி வைத்திருந்தாள். "தெரிந்திருக்கிறதே, ஏன் அம்மா சொல்லவில்லை?" என்று கேட்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சாரு எழுதினதல்லியா?" என்றாள்.

பதினாறு வருஷமாக நாம் கற்றுக் கொடுத்ததெல்லாம் அந்த இரண்டு வார்த்தைகளில் இருந்தன. அந்தக் குழந்தை ஒரு நாள் விமானியானால், மூன்று தடவை சொல்லுவாளா? ஒரு தடவையாவது சொல்லுவாளா? அன்றிலிருந்து நம் பிழையைக் கண்டுபிடிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்று ஒரு விதி செய்தோம். முதல் பத்து நாள் ஒரு கையும் எழும்பவில்லை. பிறகு ஒரு பையன் ஆரம்பித்தான். பிழை இல்லாத இடத்திலெல்லாம் பிழை கண்டுபிடித்தான். அவனையும் "நன்றி அப்பா, உட்கார்" என்றுதான் சொல்லி வருகிறோம். எளிதாக இல்லை, நேயர்களில் ஆசிரியர்கள் இருந்தால் அவர்களுக்குப் புரியும்.

நேற்று அக்காவைக் கூப்பிட்டு, நம் பதிலைத் திருத்திச் சொன்னோம். இரண்டு விமானமும் பயப்படும்படியானது அல்ல. எதில் வேண்டுமானாலும் ஏறட்டும். ஆசன வாரை விமானம் நின்ற பிறகே அவிழ்க்கட்டும். வெளியேறும் வாசல் எத்தனை வரிசை தள்ளி இருக்கிறது என்று உட்கார்ந்ததும் எண்ணிக்கொள்ளட்டும். ஆனால் உண்மையான பயம் புதன்கிழமை ராத்திரி இங்கிருந்து திருவனந்தபுரம் போகிற டாக்ஸியில் இருக்கிறது. டிரைவரிடம் நிதானமாக ஓட்டச் சொல்லுங்கள் என்றோம்.

அக்கா சிறிது யோசித்தார். "டிரைவர்கிட்ட யாரு சொல்லுது சாரே? நம்ம பேச்சை அவன் கேப்பானா?" என்றார்.

நியாயமான கேள்வி. மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் அதே கேள்விதான். கேட்கமாட்டான் என்று நாமும் சொல்லிவிட்டால், இத்தனை பக்கம் எழுதியதற்கு அர்த்தமில்லை. ஆகையினால், புதன்கிழமை ராத்திரி டாக்ஸியில் முன் ஆசனத்தில் நாமே உட்கார்ந்து போவதென்று தீர்மானித்திருக்கிறோம். நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் மூன்று தடவையாவது சொல்லுவோம்.